என் மனைவி தேடுகிற பொருள்

சனிக்கிழமைகளில் எங்கள் வீட்டு முன்னறைக் கதவு மத்தியானத்துக்குச் சற்று முன்னர் சாத்தப்படும். பிறகு விளக்கு வைக்கும் நேரம் வரை அது திறக்காது. உள்ளே என் மனைவி இருப்பாள். அவளோடு ஒரு கணினி, ஒரு மின்விசிறி, பூமியின் மறுபக்கத்தில் ஒரு பழைய சுரங்கத்துக்குள் குந்தியிருக்கிற ஒரு ஆம்பிளையின் குரல். வெளியே விறாந்தையில் நான் இருப்பேன். எனக்குக் கோபம் மூக்குக்கு மேலே நிற்கும்.

பொறாமை என்று சொல்ல எனக்கு வெட்கமில்லை. பொறாமைதான். மனைவியின் மனம் வேறு பக்கம் போனால் ஊரில் ஒருவன் என்ன செய்வான்? சண்டை பிடிப்பான், குடிப்பான், சொந்தக்காரரைக் கூட்டி நியாயம் கேட்பான். என் மனைவி தேடிக்கொண்டிருந்ததோ உலகத்தில் ஒருவரும் கண்டிராத ஒன்றை. ஒரு பெண்ணுக்குச் சக்களத்தி வந்தால் சொல்லித் திட்டுவதற்கு அந்தச் சொல்லாவது இருக்கிறது. எனக்கு அதுவும் இல்லை.

நான் பற்றறிக்காரன். புளியந்தீவில் இன்வேர்ட்டரும் பற்றறியும் விற்கிற, திருத்துகிற கடை வைத்திருக்கிறேன். அவள் பல்கலைக்கழகத்தில் பௌதிகவியல் படிப்பிக்கிறாள். பேசிச் செய்த கலியாணம். எங்கள் பக்கத்தில் வீடு பெண்ணுக்குத்தான். மாப்பிள்ளைதான் உடுப்புப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு பெண் வீட்டுக்குப் போவான். அதில் ஒருவருக்கும் மானக்குறைவு கிடையாது. மாமி மண்டூர்க்காரி. இளைய மகளுக்கென்று பட்டினத்தில் வாவிக்கரையோரம் ஒரு வீட்டைக் கட்டிக் கொடுத்து, மாமா காலமான பிறகு தானும் எங்களோடு வந்து இருந்துவிட்டா. ஆகவே வீடு அவளுடையது, அறை அவளுடையது, குசினி மாமியுடையது. என் பங்குக்கு நான் கொண்டு வந்தது ஒரு இன்வேர்ட்டர்.

அந்த இன்வேர்ட்டர்தான் எனக்கு வினையாகப் போனது. மின்வெட்டு நாளும் பொழுதுமாக இருந்த அந்தக் காலத்தில் ஊரே இருட்டில் கிடக்க, எங்கள் வீட்டுக் கணினி மட்டும் ஒருநாளும் அணையவில்லை. என்ன வந்தாலும் தன் காவலை விடாத ஆள் என்று அவளுக்கு அந்தச் சுரங்கத்தில் நல்ல பெயர். அந்த நல்ல பெயருக்குப் பற்றறித் தண்ணீர் ஊற்றி வளர்த்தது நான். எதிரிக்கு என் கையாலேயே சோறு போட்டிருக்கிறேன்.

அவள் தேடுவது என்ன என்பதைக் கலியாணமான புதிதில் வாவிக்கரையில் நடந்துகொண்டே எனக்குச் சொன்னாள். நட்சத்திரக் கூட்டங்கள் சுற்றுகிற வேகத்துக்கு, கண்ணுக்குத் தெரிகிற பொருளின் கனம் போதாதாம். அந்த வேகத்தில் எல்லாம் சிதறிப் பறந்திருக்க வேண்டும். பறக்கவில்லை. தெரியாத ஏதோ ஒன்று பிடித்து வைத்திருக்கிறது. அது ஒளி விடாது, ஒளியை மறிக்கவும் செய்யாது. அதற்குக் கரும்பொருள் என்று பெயர் வைத்திருக்கிறார்கள். எனக்கு விளங்கியது. வீட்டில் எல்லாச் சுவிட்சையும் அணைத்த பிறகும் பற்றறி இறங்கிக்கொண்டே இருந்தால், எங்கேயோ ஏதோ ஒன்று மின்னை இழுக்கிறது என்றுதானே அர்த்தம், அதுபோலவா என்று கேட்டேன். ஓம், கிட்டத்தட்ட என்றாள். பிறகு அது ஏன் அப்படியே அதுபோல இல்லை என்று வீடு வரும் வரைக்கும் விளங்கப்படுத்தினாள்.

அது சுவரையும் மலையையும் ஊடுருவிப் போகும் என்றாள். மனித உடம்பையுமா என்று கேட்டேன்.

"ஓம். இப்ப, இந்த நேரத்திலயும் எங்களுக்குள்ளால போய்க்கொண்டுதான் இரிக்கும்."

அந்தச் சொல் எனக்குக் கொஞ்சமும் பிடிக்கவில்லை. கேட்காமல் கொள்ளாமல் என் மனைவியின் உடம்புக்குள்ளால் போய்வருகிற ஒன்றை எந்தப் புருசன் பொறுப்பான்?

அதைப் பிடிப்பதற்கு அவளும் அவளோடு சேர்ந்து தேடுகிற ஆராய்ச்சிக்காரரும் வைத்திருக்கிற பொறி அந்தச் சுரங்கத்தின் அடியில் இருக்கிறது. தண்ணீர்த் தாங்கி மாதிரி ஒரு பெரிய தாங்கி. அது நிறையக் கடுமையாகக் குளிரவைத்த செனன் என்ற திரவம். மேலேயும் கீழேயும் ஒளியை உணருகிற கண்கள். கரும்பொருளின் ஒரு துணுக்கு வந்து செனன் அணு ஒன்றில் முட்டினால் சின்னதாக ஒரு ஒளி மின்னுமாம். வானத்திலிருந்து விழுகிற வேறு கதிர்கள் வந்து குழப்பாமல் இருக்கத்தான் அவ்வளவு ஆழம். மின்னும் வரைக்கும் காத்திருக்க வேண்டும். அந்தத் தாங்கியின் குளிர், அமுக்கம், மின்னழுத்தம் எல்லாவற்றையும் யாராவது ஒருவர் விடாமல் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். அங்கே எல்லோரும் நித்திரை கொள்ளுகிற நேரம் எங்களுக்குப் பகல். அதனால் அந்தக் காவல் எங்கள் முன்னறைக்கு வந்தது.

அங்கேயும் ஒருவர் விழித்திருக்க வேண்டும் என்பது விதி. அவனை நான் சுரங்கக்காரன் என்றுதான் சொல்வேன். மெல்லப் பேசுவான். அவர்கள் இருவரும் அமுக்கம், வால்வு என்று ஏதேதோ கதைப்பார்கள். இடைக்கிடை சிரிப்பார்கள். அமுக்கத்தில் என்ன சிரிப்பு? ஒரு மாரியில், எங்கள் ஓட்டுக்கூரையில் மழை அடிக்கிற சத்தம் அவனுக்குக் கேட்டதாம். கண்ணை மூடிக்கொண்டு கொஞ்ச நேரம் அதைக் கேட்டுக்கொண்டிருந்தானாம். சந்தோசமாக வந்து சொன்னாள். எனக்கு வந்த ஆத்திரத்தில் தேத்தண்ணீர்க் கோப்பையைக் கொஞ்சம் அழுத்தித்தான் வைத்தேன். எங்கள் கூரையில் விழுகிற மழை அவனுக்கு என்னத்துக்கு?

ஒருநாள் பொறுக்க முடியாமல், தேத்தண்ணீர் கொடுக்கிற சாட்டில் உள்ளே போய்த் திரையை எட்டிப் பார்த்தேன். மூலையில் சின்னச் சதுரத்தில் இருந்தது ஒரு வயதுபோன மனிசன். காதில் கேட்கும் கருவி. மேசையில் வீட்டிலிருந்து கட்டிக் கொடுத்த சாப்பாட்டுப் பெட்டி, பின்னால் சுவரில் பேரப்பிள்ளைகளின் படங்கள். என்னைக் கண்டதும் தன் கோப்பையைத் தூக்கிக் காட்டிச் சிரித்தார். பாவம், மாமா இருந்திருந்தால் அவருடைய வயது. நானும் கையைத் தூக்கிக் காட்டிவிட்டு வெளியே வந்தேன்.

அன்றைக்கு எனக்கு ஆறுதல் வந்திருக்க வேண்டும். வரவில்லை. அதுவரைக்கும் கோபப்பட ஒரு ஆளாவது இருந்தான்; அவனும் இல்லாமல் போய்விட்டான். இருக்கிறவனோடு மல்லுக்கட்டலாம். இல்லாததோடு எப்படி மல்லுக்கட்டுவது?

உண்மையில் என் வயிற்றை எரித்தது அவளுடைய பொறுமை. நான் கடையைப் பூட்டிக்கொண்டு வரக் கொஞ்சம் பிந்தினால் அவளுடைய முகம் நீளும். பஸ் பிந்தினால் அரசாங்கக் கச்சேரிக்கு முறைப்பாடு எழுதப் போவதாகச் சொல்வாள். அந்தக் கரும்பொருளோ வருசக்கணக்காக வராமலே இருக்கிறது; அதன்மேல் ஒரு சொல் கோபமில்லை, ஒரு சிணுக்கமில்லை. சனிக்கிழமை விடிந்தால் தலைக்குக் குளித்து, உடுத்து, யாரோ வரப்போகிறார்கள் என்பதுபோலக் கதவைச் சாத்திக்கொள்வாள். மாலையில் கதவு திறக்கும்போது நான் ஒரே கேள்விதான் கேட்பேன், வந்ததா என்று. இல்லை என்பாள். அந்த 'இல்லை'யைக் கேட்டால் எனக்குச் சீனி போடாத தேத்தண்ணீரும் இனிக்கும்.

மாமியின் மூத்த மகள், என் மச்சாள், மண்டூரில் தாய்வீட்டில் இருக்கிறாள். வாய்க்காரி. அங்கே போனால் என்னை விடமாட்டாள். தங்கச்சி வேறு மாப்பிள்ளை தேடுகிறாளாமே, ஆள் கறுப்பாமே, ஒருவர் கண்ணுக்கும் தெரியமாட்டாராமே என்று சனத்துக்கு முன்னால் கேட்பாள். எல்லோரும் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன். திரும்பிக் குருமண்வெளிப் பக்கம் வருகிற பாதைப் படகில், மோட்டார் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நின்று வாவித் தண்ணீரைப் பார்த்து முறைப்பேன்.

அப்படி இருக்கும்போதுதான், வயல் வட்டையெல்லாம் அறுவடை முடிந்த கையோடு, அவளில் ஒரு மாற்றம் கண்டேன். பாட்டு முணுமுணுத்தாள். சோற்றைப் பிசைந்தபடி சாப்பிடாமல் சிரித்தாள். மாமி அதைக் கண்டு வேறு மாதிரி நினைத்துக்கொண்டு புளி மாங்காய் வாங்கி வைத்தா. எனக்குத் தெரியும், அது இல்லை. கலியாணம் முடித்த கிழமையில்கூட அந்த முகத்தை நான் கண்டதில்லை. என்ன விசயம் என்று குடைந்து குடைந்து கேட்டேன். ஒருவருக்கும் சொல்லக்கூடாது என்று சத்தியம் வாங்கிக்கொண்டு சொன்னாள்.

"சிலது வந்திரிக்கு. எப்பிடி மின்னுமெண்டு பார்த்துக்கொண்டு இருந்தமோ, அப்பிடியே. ஆனா உப்பாவும் இரிக்கலாம்."

உப்பு என்பது அவர்களுடைய வழக்கம் ஒன்று. ஆசைப்பட்டுத் தேடுகிறவன் கண்ணுக்குத் தேடுவதெல்லாம் தெரியும் அல்லவா? அதற்காக அவர்களில் ஒருவர், மற்றவர்களுக்குத் தெரியாமல், சில பொய் மின்னல்களைச் செய்து உண்மைப் பதிவுகளோடு கலந்து விடுவாராம். எது பொய் என்று கணினியில் பூட்டி வைத்திருக்கும். எல்லோரும் கணக்கைச் சரிபார்த்து, இனி ஒரு எழுத்தும் மாற்றமாட்டோம் என்று ஒத்துக்கொண்ட பிறகுதான் பூட்டைத் திறந்து பொய்யைக் கழிப்பார்கள். மிஞ்சுவது உண்மை. தன் மனதையே நம்பாத மனிசர்கள். அந்த வழக்கத்தைக் கேட்டபோது மட்டும் அவர்கள்மேல் எனக்குக் கொஞ்சம் மரியாதை வந்தது.

கூடவே இன்னொன்றும் சொன்னாள். அவளை அங்கேயே வந்து சில வருசம் வேலை செய்யச் சொல்லிக் கேட்டிருக்கிறார்கள். பூட்டுத் திறக்கிற நாளுக்குப் பிறகு முடிவு சொல்ல வேண்டும். வந்தது உண்மை என்றால் போகாமல் இருக்க முடியாது என்றாள். என்னைப் பார்த்துச் சொல்லவில்லை. சோற்றுக் கோப்பையைப் பார்த்துச் சொன்னாள். எனக்கு என் கடை இருக்கிறது, மாமியை விட்டுவிட்டு இருவரும் போகவும் முடியாது. அவள் போனால் அவளுடைய வீட்டில், அவளுடைய தாயோடு, அவள் இல்லாமல் நான் இருக்க வேண்டும். அன்றிலிருந்து நான் கும்பிட்ட கும்பிடெல்லாம் ஒன்றுக்குத்தான்: எல்லாம் உப்பாக இருக்க வேண்டும்.

என் வாயிலிருந்து ஒரு சொல் வெளியே போகவில்லை. போனது அவள் வாயாலேயே. பூட்டுத் திறக்கிற நாள் கிட்ட வர வர அவளுக்கு இருப்புக் கொள்ளவில்லை. ஒருநாள் மாமி, என்ன மகள் இப்படிப் பறக்கிறாய் என்று கேட்டதற்கு, கனகாலமாகப் பூட்டி வைத்திருந்த ஒன்றை வருகிற சனிக்கிழமை திறக்கப் போகிறோம், உள்ளே என்ன இருக்கிறதென்று எங்கள் ஒருவருக்கும் தெரியாது என்று சொல்லியிருக்கிறாள்.

மாமி கொஞ்சம் யோசித்தா. "அப்ப கதவு திறக்கிற போல."

"ஓம்மா, அது போலதான்" என்று சொல்லிவிட்டு இவள் குளிக்கப் போய்விட்டாள்.

எங்கள் பக்கத்தில் கதவு திறக்கிறது என்றால் விளையாட்டில்லை. கண்ணகி அம்மன் கோயில்கள் வருசம் முழுக்கப் பூட்டிக் கிடக்கும். வைகாசியில் சடங்குக்குக் கதவு திறக்கும்போது ஊரே வாசலில் நிற்கும். திறந்த அந்த நொடியில் பெண்கள் எல்லோரும் ஒன்றாகக் குரவை போடுவார்கள். மாமிக்கு மகள் செய்கிற வேலை அத்தனை வருசமும் விளங்கவில்லை. அன்றைக்கு விளங்கிவிட்டது. உடனே வீட்டில் மீன் நிறுத்தம். மாமி விரதம். மண்டூருக்குத் தொலைபேசியில் சொல்லியும் ஆயிற்று.

சனிக்கிழமை பின்னேரம் கடையைப் பாதியில் பூட்டிவிட்டு நான் வீட்டுக்கு வந்தபோது வாசலில் ஆட்களை ஏற்றி வந்த ஒரு வான் நின்றது. மண்டூர்ச் சொந்தம் முழுக்க விறாந்தையில். மச்சாள் பட்டுச் சேலையில். பானையில் பொங்கிய புக்கை, தட்டத்தில் வெற்றிலை, வாழைப்பழச் சீப்பு, குத்துவிளக்கு. முன்னறைக் கதவுக்கு மேலே யாரோ மாவிலையும் கட்டியிருந்தார்கள். உள்ளே அவள் காதில் கருவியை மாட்டிக்கொண்டு உலகம் முழுக்க இருக்கிற தன் ஆட்களோடு கூட்டத்தில் இருந்தாள். வெளியே நடப்பது ஒன்றும் அவளுக்குத் தெரியாது. இதென்ன கூத்து என்று மாமியிடம் கேட்டேன்.

"கதவு திறக்கிற நேரம் ஆக்கள் இல்லாட்டி நல்லாரிக்காது மருமகன். நீங்க சும்மா இரிங்க."

சும்மா இருக்க விட்டதா? கொஞ்ச நேரத்தில் மின்சாரம் போனது. இன்வேர்ட்டர் டக் என்று ஏற்றுக்கொண்டது. எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது, அது கீச் கீச் என்று கத்தத் தொடங்கும் வரை. அந்தச் சத்தத்தின் அர்த்தம் அங்கே எனக்கு மட்டும்தான் தெரியும். பற்றறி இறங்குகிறது. ஊருக்கெல்லாம் புதுப் பற்றறி மாற்றிக் கொடுக்கிற நான், என் வீட்டுப் பற்றறியை நாளைக்கு நாளைக்கு என்று தள்ளிப்போட்டு வந்திருந்தேன். இன்னும் கொஞ்ச நேரத்தில் அணையப் போகிறது. பூட்டுத் திறக்கிற அந்த நேரத்தில் அவளுடைய திரை கறுத்துப் போகும்.

இன்வேர்ட்டருக்கு முன்னால் நின்றேன். நான் ஒன்றும் செய்யத் தேவையில்லை. சும்மா நின்றால் போதும். ஆனால் அணைந்தால் என்ன நடக்கும்? அது இருக்கிறது என்றால் எங்கள் வீட்டில் வெளிச்சம் இல்லாவிட்டாலும் இருக்கத்தான் போகிறது. அவள் மட்டும் அதைக் காணாமல் போவாள். அவ்வளவு காலம் காத்திருந்துவிட்டு, வந்த நேரத்தில் காணாமல் போனவளின் முகத்தைக் கடைசி வரைக்கும் பார்க்கப் போவது நான்தான். அதோடு, பற்றறிக்காரன் வீட்டிலேயே இன்வேர்ட்டர் நின்றுபோனது என்று மச்சாள் மண்டூர் முழுக்கச் சொன்னால் என் கடையில் யார் ஏறுவார்கள்? ஓடிப்போய் வானின் மூடியைத் திறந்து பற்றறியைக் கழற்றினேன். சாரதி, இதென்ன அநியாயம் என்று பின்னாலேயே வந்தார். தடித்த வயர் இரண்டால் அதைப் பழையதோடு பொருத்தினேன். கீச்சுச் சத்தம் நின்றது. என் எதிரி வரட்டும் என்று வாசலைத் துடைத்து வைத்தவன் நான்தான்.

விளக்கு வைக்கிற நேரமானது. மாமி குத்துவிளக்கைக் கொளுத்தினா. உள்ளே அவளுடைய குரல் கேட்கவில்லை. பிறகு கதிரையை இழுக்கிற ஓசை கேட்டது. கதவின் கைப்பிடி அசைந்தது.

கதவு திறந்ததும் மச்சாள் குரவையைத் தொடங்கிவிட்டாள். நாக்கைச் சுழற்றி அவள் போட்ட போட்டில் மற்றப் பெண்களும் சேர்ந்துகொண்டார்கள். வீடு அதிர்ந்தது. பக்கத்து வீட்டுப் பெண்கள் மதிலால் எட்டிப் பார்த்து, காரணம் தெரியாமலே தாங்களும் போட்டார்கள். மாமி கற்பூரத்தட்டோடு முன்னால் நின்றா. கதவு நிலைக்குள் என் மனைவி நின்றாள், காதுக் கருவி கழுத்தில் தொங்க.

அவளுடைய முகத்தைக் கண்டதும் எனக்கு விடை தெரிந்துவிட்டது. பழம் நழுவிப் பாலில் விழுந்தது. எல்லாம் உப்பு. அது வரவில்லை. அவள் போகமாட்டாள். என் நெஞ்சுக்குள் எழும்பிய சந்தோசத்தை வெளியில் காட்டாமல் இருக்க நான் தூணைப் பிடித்துக்கொண்டேன். ஆனால் குரவை நிற்கவில்லை. ஒருத்தி நிறுத்தினால் இன்னொருத்தி எடுத்தாள். அது நிற்கும் வரைக்கும் அவள் அப்படியே நின்றாள், ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டு. ஒருவரையும் நிறுத்தச் சொல்லவில்லை. அழவும் இல்லை. என் சந்தோசம் அந்த இடத்திலேயே புளித்துப் போனது.

"ஒண்டும் இல்லம்மா" என்றாள் கடைசியில். "வந்ததெல்லாம் நாங்களே கலந்த உப்பு. கழிச்சாப் பிறகு ஒண்டும் மிஞ்சல்ல."

சனம் ஒன்றையொன்று பார்த்தது. மாமி கற்பூரம் அணைந்த தட்டைக் கீழே வைத்துவிட்டு, பரவாயில்லை மகள், புக்கை ஆறமுதல் எல்லோரும் சாப்பிடுங்கள் என்றா. பின்னால் நின்ற ஒரு சொந்தக்காரர், வெற்றிலையை மடித்தபடி, இலவு காத்த கிளியின் கதைதான் என்று சொல்லிச் சிரித்தார். எனக்கு எங்கிருந்து அவ்வளவு கோபம் வந்ததோ தெரியாது. அவளுடைய கிளியை நான் திட்டலாம். கலியாணம் முடித்த நாள் தொட்டுத் திட்டிக்கொண்டும் வருகிறேன். கண்டவன் திட்டக்கூடாது. இல்லாததை இருக்கிறது என்று புளுகாமல் வந்து சொல்கிற ஆட்களை உங்கள் வாழ்நாளில் எத்தனை பேரைக் கண்டிருக்கிறீர்கள் என்று கேட்டேன். குரலைக் கொஞ்சம் கூடத்தான் உயர்த்திவிட்டேன். வெற்றிலை வாய்க்குப் போகாமல் கையிலேயே நின்றது. மச்சாள்கூட வாயை மூடிக்கொண்டு புக்கை பரிமாறப் போனாள்.

சாப்பிட்டு முடித்து, பற்றறியை வானில் திரும்பப் பூட்டிக் கொடுத்து, அவர்களை அனுப்பி வைத்தோம். அதற்குள் மின்சாரமும் வந்துவிட்டது. மாமி களைப்பில் படுத்துவிட்டா. பின்வாசல் படியில் என் மனைவி புக்கைக் கோப்பையோடு வந்து குந்தினாள். வாவிப் பக்கமிருந்து காற்று வந்தது. நான் பக்கத்தில் இருந்தேன். அவளைத் தேற்றுகிற உரிமை எனக்கு இருக்கிறதா என்றே தெரியவில்லை.

அவள்தான் தொடங்கினாள். கூட்டம் முடிந்த கையோடு அங்கே வருவதைப் பற்றிக் கேட்டார்களாம். ஒன்றும் வரவில்லை என்பதற்காகத் தேடுவதை விடப்போவதில்லை. அது இருக்க முடியாத இடம் இன்னது என்று இப்போது தெரிந்திருக்கிறது, மிச்ச இடத்தைத் தேடத் தொடர்ந்து பொறியை ஓட்டப் போகிறார்கள் என்றாள். எல்லாம் உப்பாகப் போனால் தப்பிவிடலாம் என்றுதானே கும்பிட்டேன்.

"நான் வரல்ல எண்டு சொல்லிற்றன்" என்றாள்.

எனக்குக் கண் கலங்கிவிட்டது, மறைக்கத் தெரியவில்லை. அவளுடைய கையைப் பிடித்தேன். அத்தனை வருசப் பொறாமையும் கரைந்து போனதுபோல இருந்தது. உலகத்திலேயே பெரிய இரகசியமும் என்னிடம் தோற்றுவிட்டது. வாயை மூடிக்கொண்டு அந்த வெற்றியோடு நான் படுக்கப் போயிருக்கலாம். ஆனால் அவளுடைய வாயால் கேட்க வேண்டும் என்று இருந்தது. ஏன் என்று கேட்டேன்.

"அங்க இரவு முழிச்சிருக்க ஆள் கிடைக்கிறதுதான் கஸ்டம். நம்மட பகலத்தான் அவங்க நம்பி இரிக்காங்க. நானும் அங்க போயிட்டா இந்த நேரத்துக்குக் காவலுக்கு ஆர் இரிக்கிற? இஞ்ச இருந்தாத்தான் தேடுற வேலைக்கு நான் உதவி."

பிடித்த கையை விடாமல் இருந்தேன். வாவியில் யாரோ தோணியைத் தள்ளிக்கொண்டு போனார்கள். அவள் கோப்பையைத் துப்புரவாக வழித்துச் சாப்பிட்டாள்.

"எனக்காகவும் கொஞ்சம் யோசிச்சிருக்கலாமே" என்றேன்.

அவள் திரும்பி என்னைப் பார்த்தாள். உண்மையாகவே ஆச்சரியப்பட்டாள். பிறகு சிரித்து, தலையை என் தோளில் சாய்த்துக்கொண்டாள்.

"உங்களுக்கு என்னத்த யோசிக்கிற? நீங்க எங்க போகப் போறீங்க. உங்களத்தான் நான் தேடத் தேவையில்லையே."

அன்பாகத்தான் சொன்னாள். ஒரு பெண் புருசனுக்குச் சொல்லக்கூடியதில் அதைவிடப் பெரிய சொல் இல்லை என்று பிறகு நானே எனக்குப் பல தடவை சொல்லிக்கொண்டிருக்கிறேன். அன்றைக்கு அந்தப் படியில், அவளுடைய தலையின் கனம் தோளில் இருக்க, ஒருநாளாவது, ஒரே ஒருநாளாவது, கண்டுபிடிக்க முடியாத பொருளாக நான் இருந்துவிட வேண்டும் என்று வயிறு எரிய ஆசைப்பட்டேன்.